வேலைவாய்ப்புப் பதிவு இணையதளம்: பட்டதாரிக்கு எவ்வளவு உதவும்?

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு இணையதளம் பதிவேடு என்ற அளவில் ஒழுங்காக இருக்கிறது. படித்த படிப்புக்கேற்ற வேலையை அதுவே தேடித் தரும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

பதிவு இலவசம். பழைய வேலைவாய்ப்பு அலுவலக அட்டை இருந்தால் புதிதாகப் பதியாதீர்கள், சீனியாரிட்டி (பதிவு மூப்பு) போய்விடும். அட்டை எண்ணையே பயனர் எண்ணாக்கலாம். அரியலூரில் 2012-இல் 7502-ஆவதாகப் பதிந்த ஆண் என்றால் ஏஆர்டி2012எம்00007502 (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்). கடைசியில் வரும் பதிவு எண் எட்டு இலக்கமாக வரவேண்டும். முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை விட்டால் உள்ளே போகாது. கடவுச்சொல் பிறந்த தேதி, சாய்கோடுகளோடு.

3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதம் சலுகை, அதையும் விட்டால் பழைய மூப்பு காலி. ஒவ்வொரு படிப்புக்கும் மூப்பு தனி. சேர்த்த தேதியிலிருந்துதான் கணக்கு. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஏற்றிவிடுவது நல்லது. முதுநிலை, பொறியியல் போன்றவற்றுக்குச் சென்னை, மதுரையில் தனி அலுவலகம்.

குறை எங்கே? வேலைக்குப் பரிந்துரைக்கும் பட்டியல், தகுதி, இனச்சுழற்சி (இடஒதுக்கீட்டு வரிசை), மூப்பு என்றே போகிறது. எம்.எஸ்சி. முடித்து ஜவுளிக்கடையில் பில் போடுபவர் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பது அதன் கண்ணில் படாது. 1959-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டமும் நிறுவனங்கள் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்கத்தான் சொன்னது, பதிந்தவரையே எடுக்கச் சொல்லவில்லை. உதவித்தொகையோ பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் பதிந்து 5 ஆண்டு கழித்து, 3 ஆண்டுக்கு மட்டும். பி.இ. போன்ற தொழிற்படிப்புக்காரருக்கு அதுவும் கிடையாது!

ஆகவே கூட்டமெல்லாம் அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுப் பக்கம். 2024-இல் முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பம் சுமார் 20 லட்சம். பத்தாம் வகுப்பே போதும் என்ற தேர்வில் பட்டத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. தட்டச்சர் பணிக்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் கட்டாயம்; தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (மேல்நிலைத் தேர்வு) முடித்தவருக்கே முன்னுரிமை. அந்த வேலைதான் குறி என்றால் இன்னொரு டிகிரிக்குப் பணம் கட்டுவதைவிட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கட்டலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலை முகாம் பரவாயில்லை. ஆனால் அறிவிப்பில் ‘8-ஆம் வகுப்பு முதல் டிகிரி வரை’ என்று ஒரே வரியில் போட்டிருந்தால் உஷார். நேர்காணலுக்கு உட்காருமுன், உங்கள் படிப்புக்கு எந்தப் பதவி, கையில் எவ்வளவு வரும், பி.எஃப். பிடித்தம் போகவா என்று கேட்டுவிடுங்கள்.