பாஹோல்: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தது

லினக்ஸ் கர்னலில் ஒவ்வொரு ப்ராசஸின் விவரங்களையும் ஃபீல்டுகளாகச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்ட்டின் பெயர் டாஸ்க்_ஸ்ட்ரக்ட். அதை ஹெடர் ஃபைலில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான வரிகள், நடுநடுவே, கான்ஃபிக்கைப் பொறுத்து வரிகளைச் சேர்க்கும் அல்லது விட்டுவிடும் இஃப்டெஃப். நம் மெஷினில் எந்த ஃபீல்டு இருக்கிறது, கான்ஃபிக்கில் எது விடுபட்டுப் போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கிரெப், சிடேக்ஸ் போன்ற தேடல் கருவிகள் சோர்ஸில் எழுதியிருப்பதைத்தான் காட்டும். கம்பைலர் கடைசியில் என்ன செய்து வைத்தது என்பதைக் காட்டுவது பாஹோல் என்ற டெர்மினல் கருவி.

அர்னால்டோ கர்வாலோ டி மெலோ எழுதியது. உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் ட்வார்வ்ஸ் என்ற பேக்கேஜில் கிடைக்கும். பைனரியில் இருக்கும் டீபக் தகவலை (பிழை தேட உதவியாக கம்பைலர் எழுதி வைக்கும் விவரங்களை) படித்து, டைப் வரையறையை சி மொழியிலேயே எழுதித் தரும். டெர்மினலில் பாஹோல் என்று அடித்து ஸ்ட்ரக்ட் பெயரைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே வந்து நிற்கும். சோர்ஸ் கையில் இருக்க வேண்டியதே இல்லை. கர்னல் மட்டும் பிடிஎஃப் தகவலோடு, அதாவது டைப் விவரங்களைச் சுருக்கி வைக்கும் டீபக் தகவலோடு, பில்ட் ஆகியிருக்க வேண்டும். அந்த வசதி 2019-இல் 5.2 பதிப்பில் வந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஃபீல்டுகளுக்கு நடுவே வீணாகும் இடத்தைக் காட்டுவது. ஒரு பூல், ஒரு பாயின்டர், இன்னொரு பூல் கொண்ட ஸ்ட்ரக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 10 பைட்தான். 64-பிட் மெஷினில் பாயின்டர் 8-இன் மடங்கான இடத்தில்தான் தொடங்கும் என்பதால் அது 24 பைட் பிடிக்கும். முதல் பூலுக்கு அடுத்து 7 பைட் ஹோல், கடைசியில் 7 பைட் பேடிங் என்று பாஹோல் கமென்ட்டாகவே எழுதிவிடும். பாயின்டரை முதலில் வைத்தால் 16 பைட்டில் முடிந்துவிடும். அப்படி ஒரு கோடி ரெக்கார்டு மெமரியில் இருந்தால் 80 எம்பி மிச்சம்.

ரீஆர்கனைஸ் ஆப்ஷன் இந்த வேலையைத் தானே செய்து காட்டும். அதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. சேர்ந்து பயன்படும் ஃபீல்டுகள் ஒரே 64 பைட் கேஷ்லைனில் (ப்ராசஸர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டில்) இருப்பது பல இடங்களில் அளவைவிட முக்கியம். நெட்வொர்க்கிலோ டிஸ்க்கிலோ போகும் ஸ்ட்ரக்ட் என்றால் வரிசையில் கை வைக்கவே கூடாது.

கர்னலுக்குள்ளேயே ஓடும் ஈபிபிஎஃப் புரோகிராம்களை எழுதும்போது கர்னலின் எல்லா டைப்களும் ஒரே ஹெடராக வேண்டியிருக்கும்; அதற்கு பிபிஎஃப்டூல் என்ற இன்னொரு கருவி சரி. ஒரு ஸ்ட்ரக்ட்டும் அது சார்ந்திருக்கும் டைப்களும் மட்டும் போதும் என்றால், பாஹோலின் கம்பைல் ஆப்ஷன் கச்சிதமாக எடுத்துத் தரும்.

குறைகளும் உண்டு. கோடில் எங்கும் பயன்படாத டைப்பை கம்பைலர் பொதுவாக டீபக் தகவலில் எழுதாது, அதனால் பாஹோலிலும் கிடைக்காது. டிஃபைன் செய்த மேக்ரோக்களும் வராது. ஃப்ளாக் மதிப்புகள், அளவு வரம்புகள் எல்லாவற்றையும் சோர்ஸில் தேடி, நாமே தனி ஹெடரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கர்னல் பதிப்பு மாறும்போது நான் முதலில் சரிபார்ப்பது அந்த ஃபைலைத்தான்.