கேரட்டுக்கு ஏற்றது நிலத்துப் பாத்தியா, வளர்ப்புப் பையா?

நாம் உண்ணும் கேரட், அச்செடியின் ஆணிவேர். இளம் வேரின் நுனி கல்லிலோ இறுகிய மண்கட்டியிலோ முட்டிச் சேதமடைந்தால், அது இரண்டாகவோ மூன்றாகவோ கிளைத்து வளர்கிறது. அதன்பின் எவ்வளவு பராமரித்தாலும் அது நேராவதில்லை. ஆகவே பாத்தியா, பையா என்று முடிவு செய்யுமுன், வேர் இறங்கும் ஆழம் முழுவதும் மண் பொலபொலப்பாக இருக்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மணற்பாங்கான வண்டல் மண் உள்ள தோட்டத்தில் பாத்திக்கு இணை இல்லை என்பது என் உறுதியான கருத்து. 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கற்களை நீக்கிவிட்டால், வரிசைக்கு வரிசை 20 செ.மீ., செடிக்குச் செடி 5 செ.மீ. இடைவெளியில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ நூறு செடிகளை வளர்க்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள பையில் இருபது செடிகளுக்கு மேல் வைத்தால் நெருக்கமாகிவிடும்.

ஆனால் மண் இறுகிய களியாகவோ, வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு தாக்கியதாகவோ இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. மணல், தேங்காய் நார்க்கழிவு, நன்கு மக்கிய உரம் ஆகியவற்றைச் சேர்த்து, வேருக்கு உகந்த கலவையை நாமே தயாரித்துக்கொள்ளப் பை இடம் தருகிறது. பச்சைச் சாணத்தை மட்டும் எதிலும் சேர்க்கக் கூடாது; அது வேர் கிளைப்பதற்கும் வழிவகுக்கும், கிழங்கைவிட இலையைப் பெருக்கவும் செய்யும்.

பையின் உண்மையான பலவீனம் ஈரத்தில் இருக்கிறது. கேரட் விதை முளைக்க ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் விதைக்க முடியாத அந்தச் சிறு விதை முளைவிடும் வரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. கடும் வெயிலிலோ பையின் மேற்பரப்பு அரை நாளிலேயே காய்ந்துவிடுகிறது. பாத்தியில் கீழ்மண்ணின் ஈரம் ஓரளவு கைகொடுக்கும். பின்னாளிலும், மண்ணை நன்றாகக் காயவிட்டுத் திடீரெனத் தண்ணீரை நிறைத்தால் கிழங்கு வெடித்துவிடும் என்பதால், தினமும் பூவாளி எடுக்க இயலாதவர்கள் பையை நம்புவது சரியன்று. வெயிலில் கறுப்புப் பை சூடேறுவதும் கேடுதான். கிழங்கு நல்ல நிறமும் வடிவமும் பெற 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே சிறந்தது.

இரகத்தையும் இடத்தோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்டு கூம்பும் இம்பரேட்டர் வகை ஆழமான பாத்திக்கு மட்டுமே உரியது. உருளை வடிவ நான்டெஸ், 30 செ.மீ. ஆழமுள்ள பையிலும் நன்றாகத் திரளும். குட்டையாகவும் தடிமனாகவும் வளரும் சான்டெனே ஓரளவு கடினமான மண்ணையும் தாங்குவதால், களிமண் தோட்டக்காரர்கள் அந்த மண்ணின்மேல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து இவ்வகையை விதைப்பது, பைகளை வாங்கி அடுக்குவதைவிட நல்ல வழி.

எங்கு வளர்த்தாலும், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல் நேரடியாகவே விதைக்க வேண்டும். பையில் கலவை நாளடைவில் கீழிறங்கி, கிழங்கின் தோள்பகுதி வெளியே தெரியத் தொடங்கும். வெயில் பட்டால் அது பச்சையாகிக் கசக்கும் என்பதால், அறுவடை வரை அவ்வப்போது கலவை இட்டு மூடிக்கொண்டே வர வேண்டும்.