குரோமா, ஃபயர்ஃபாக்ஸா: நீட்டிப்பை எங்கே கொண்டுபோவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறோம். பழைய எழுத்துருவில் உள்ள தமிழ்ப் பக்கங்கள் அவர்கள் திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும். அவற்றை யூனிகோடாக்கி, விளம்பரத்தையும் தடுக்க ஒரு நீட்டிப்பு (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) எழுதியிருந்தேன். அதை, நீட்டிப்புகளுக்கான விதிமுறைப் பதிப்பான மேனிஃபெஸ்ட் 2-இலிருந்து 3-க்கு மாற்ற வேண்டும்.

குரோமில், நீட்டிப்பு திரைக்குப் பின்னால் இயங்கிய பின்னணிப் பக்கம் போய், தேவைப்படும்போது மட்டும் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் வந்துவிட்டது. 30 விநாடி வேலையில்லாமல் இருந்தால் நின்றுவிடும். மாறிகளில் வைத்ததெல்லாம் அழிந்துபோகும், ஸ்டோரேஜில் எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே டாம் (பக்கத்தின் உறுப்புகளை நிரல் கையாளும் அமைப்பு) இல்லை, அதனால் பக்கத்தின் உரையைப் பிரித்துப் படிக்கும் டாம்பார்சரும் இல்லை. 109-ஆம் பதிப்பில் ஆஃப்ஸ்கிரீன் ஆவணம் (கண்ணுக்குத் தெரியாமல் திறக்கும் பக்கம்) வந்த பிறகே அதற்கு வழி பிறந்தது. என்னை அதிகம் வாட்டுவது விளம்பரத் தடுப்பு: பக்கம் அனுப்பும் கோரிக்கையை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்தும் வெப்ரிக்வெஸ்ட் வசதி சாதாரண நீட்டிப்புகளுக்கு இல்லை. விதிகளை எழுதி உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும். சூழ்நிலை பார்த்து முடிவெடுக்கும் என் நிரல் அதில் அடங்காது.

ஃபயர்ஃபாக்ஸின் மேனிஃபெஸ்ட் 3-இல் அந்த வசதி அப்படியே இருக்கிறது. பின்னணி ஸ்கிரிப்டும் இடையிடையே நிற்கும், சரி, ஆனால் டாம் உண்டு.

அப்புறம், பிள்ளைகள் வீட்டில் இருப்பது கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்டிப்பே போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸில் போடலாம். முதலில் அங்கேதான் மாற்றுகிறேன்.