சிறப்புக் கல்வி வசதிகள் குறித்து எங்கள் கவுன்சில் நடத்திய கருத்துக்கேட்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

இங்கிலாந்தில் நாங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பொதுப் பள்ளிகள் சிலவற்றில் தனிப் பிரிவுகளைத் தொடங்கும் திட்டம் குறித்துப் பெற்றோரிடமும் பள்ளிகளிடமும் கருத்துக் கேட்டது. பள்ளி வயதில் பிள்ளையுள்ள பெற்றோர் என்ற முறையில் தொடக்கம் முதல் முடிவு வரை நான் இதில் பங்கேற்றேன். நேரில் கேட்டவர்கள் பொறுமையாகவும் மரியாதையோடும் கேட்டார்கள். ஆனால் இணையவழி வினாத்தாளில் கேட்டிருக்க வேண்டிய பலவற்றைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

2014ஆம் ஆண்டின் ‘பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம்’, 27ஆம் பிரிவில், உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பகுதியின் சிறப்புக் கல்வி ஏற்பாடுகளைத் தொடர்ந்து மீளாய்வு செய்ய வேண்டும் என்றும், அப்போது பெற்றோர், இளையோர், பள்ளிகள் ஆகியோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கடமை விதிக்கிறது. எனவே நம்மை அழைத்துக் கேட்பது சலுகை என்று எண்ணித் தயங்கத் தேவையில்லை.

மாலைக் கூட்டத்தில் பெற்றோரையும், பள்ளிகளில் சிறப்புக் கல்வியை ஒருங்கிணைக்கும் ‘சென்கோ’ ஆசிரியர்களையும் ஒரே மேசையைச் சுற்றி அமர வைத்திருந்தார்கள். இந்த முயற்சியில் மிகச் சிறந்த ஏற்பாடு இதுவே. ஒரு பிள்ளைக்குத் தேவைப்படும் கூடுதல் உதவியில் ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரையிலான செலவைப் பள்ளியே தன் நிதியிலிருந்து ஏற்க வேண்டியிருப்பதை ஓர் ஆசிரியை விளக்கியபோது, உதவியாளரை நியமிக்கப் பள்ளி தயங்குவதை மனமின்மை என்றே எண்ணியிருந்த சிலருக்கு உண்மை நிலை புரிந்தது. அடுத்து ஒரு தாய், தொலைவிலுள்ள சிறப்புப் பள்ளிக்கு டாக்சியில் செல்லும் தன் மகன் முதல் பாடவேளை முழுவதும் காதுகளைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். குறிப்பெடுத்த அதிகாரி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். இப்படி நடந்துகொள்ளும் அலுவலரைக் காண்பது அரிது.

வினாத்தாளில் அந்த அக்கறை இல்லை. ‘வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலேயே பிள்ளைகள் கல்வி பெறுவதை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருவார், சத்தம் தாங்க முடியாத பிள்ளை ஒதுங்கி இருக்க அமைதியான அறை உண்டா என்பவற்றைப் பொறுத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். அதை எழுத இறுதியில் ஒரே ஒரு சிறு கட்டம் இருந்தது. போக்குவரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இச்சட்டம் 25 வயது வரை பொருந்தியும், 16 வயதுக்குப் பிந்தைய கல்வியைப் பற்றியும் கேட்கப்படவில்லை.

வேறு எந்த வழிகள் ஆராயப்பட்டன, அவை ஏன் கைவிடப்பட்டன என்ற விவரமும் ஆவணத்தில் இல்லை. இது சிறிய குறை அன்று. லண்டனிலுள்ள ஹேரிங்கே கவுன்சில் நடத்திய வேறொரு கருத்துக்கேட்பு தொடர்பான வழக்கில், மாற்று வழிகளைக் குறிப்பிடாமல் விட்டதால் அது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது.

முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. மொழிபெயர்ப்பாளர் யாருக்குத் தேவையோ அவர்களால் அதைப் படிக்க முடிந்திருக்காது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பல, பிள்ளையின் பள்ளிக் கடிதங்களையே பிறரிடம் கொடுத்துப் படித்துத் தெரிந்துகொள்பவை. அவர்களுடைய குரல் இதில் பதிவாகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். பேச்சு வராத பிள்ளைகளிடம் பள்ளிகள் பட அட்டைகளைக் காட்டி விருப்பம் கேட்டதைப் பாராட்டுகிறேன். ஆயினும் கருத்துக்கேட்பின் முடிவில் கவுன்சில் வெளியிட்ட அறிக்கையில் அதற்கு ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த அறிக்கை சொன்ன காலத்தில் வெளியானது. அமைதியான அறை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்றுக்கொண்ட கவுன்சில், போக்குவரத்துக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

இத்தகைய கருத்துக்கேட்பில் பங்கேற்க நினைப்பவர்கள் நேர்க்கூட்டத்தைத் தவறவிட வேண்டாம். வினாத்தாளின் திறந்த கட்டத்தில், பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை நேரத்தோடு எழுதுங்கள். எழுதத் தடுமாறினால், ‘சென்டியாஸ்’ எனப்படும் இலவச ஆலோசனைச் சேவையும் பெற்றோர் மன்றமும் உதவும். அடுத்த கட்ட வினாத்தாளில் பயண நேரத்துக்குத் தனிக் கேள்வியும், அறிவிப்புகளுக்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பிரதிகளும் வேண்டும் என்று அந்த மன்றத்தின் வழியாக நாங்கள் எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம்.