அச்சு அசலா, புது ஜோடனையா? வெளிநாட்டில் ஒரு மியூசிக்கலை மேடையேற்றும்போது

ஓரிடத்தில் சக்கைப்போடு போட்ட மியூசிக்கலை, அதாவது பாட்டாலும் இசையாலும் கதை சொல்லும் மேடை நாடகத்தை, இன்னொரு நாட்டில் மேடையேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூல மேடையேற்றத்தை அச்சு அசலாக இறக்குவது: அதே செட், அதே உடை, அதே விளக்கு, எந்த வரியில் நடிகர் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பது வரைக்கும். இன்னொன்று, கதை, பாட்டு, இசை ஆகியவற்றுக்கு மட்டும் உரிமம் வாங்கிக்கொண்டு, செட்டையும் உடையையும் நாமே புதிதாகச் செய்வது. எங்கள் குழு போன முறை இரண்டாவதைத்தான் எடுத்தது. உடைப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அச்சு அசலின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போஸ்டரைப் பார்த்ததுமே டிக்கெட் விற்கும். காட்சி எடுபடுமா என்று ஒத்திகையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சில படைப்புகளுக்கு வேறு வழியும் கிடையாது. ‘தி லயன் கிங்’ 1997-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு வந்தது. அதன் இயக்குநர் ஜூலி டேமரின் அதே முகமூடிகளும் பொம்மைகளும்தான் 1998-இல் டோக்கியோவுக்கும் 2001-இல் ஹாம்பர்குக்கும் போயின. அவற்றை எடுத்துவிட்டால் அந்த நிகழ்ச்சியில் பாதி போய்விடும்.

ஆனால் எல்லா மியூசிக்கலும் அப்படி இல்லை. ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’வுக்கு 1986-இல் லண்டனில் செட், உடை இரண்டையும் வடிவமைத்தவர் மரியா பியர்ன்சன். காட்சியின் நடுவே மேலிருந்து விழும் அந்தச் சரவிளக்கு இல்லாமல் ஃபேன்டமா என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2003-இல் புடாபெஸ்ட்டின் மதாச் அரங்கம் முறையான அனுமதியோடு, முற்றிலும் தன் சொந்த வடிவமைப்பில் அதை மேடையேற்றியது. 2008-இல் வார்சாவும் அந்த வழியில் போனது. ஜப்பானின் ஷிகி நாடகக் குழு இன்னும் முன்னோடி: 1973-லேயே ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ரை, ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் பாணியில் வெள்ளைப் பூச்சு முகங்களோடு போட்டுக் காட்டியது.

சரி, புது ஜோடனை என்றால் எதையும் மாற்றலாமா? கூடாது. வசனத்திலோ பாட்டிலோ ஒரு வரியை வெட்டினாலும் உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை பாதிப் பிரதி. வழக்கமான உரிமத்தில் மூல வடிவமைப்பு சேராது. வீடியோவைப் பார்த்து அந்த மாடிப்படியையும் அந்தச் சிவப்பு கவுனையும் ‘கொஞ்சம் மாதிரி’ செய்து வைத்தால் வழக்கில் போய் நிற்கலாம். புதிது என்றால் முழுக்கப் புதிது.

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது அழகோ அசல் தன்மையோ இல்லை, பராமரிப்பு. திரை உயர்ந்த நாளோடு செலவு முடிந்துவிடும் என்றுதான் பட்ஜெட் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். உடைக்குச் செலவே அன்றுதான் ஆரம்பிக்கிறது. வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால் முதலில் நைந்துபோவது அக்குள் பக்கத் துணி. அடுத்து, ஓடி ஓடி மாற்றும் உடைகளின் கொக்கிகள். அப்புறம் காலணியின் அடி. அதற்குள் ஒரு நடிகை விலகுவார். அவர் இடத்துக்கு வருபவர் உயரத்திலும் சுற்றளவிலும் வேறாக இருப்பார்.

அச்சு அசல் ஏற்பாட்டில் இதற்கெல்லாம் ஒரு தடித்த உடைக் குறிப்பேடு உண்டு. எந்தத் துணி, எந்தச் சாயம், பொத்தான் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். துணி சந்தையில் கிடைக்கவில்லையா? மாற்றுத் துணியின் மாதிரியை மூல வடிவமைப்பாளரின் உதவியாளருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் மேடையில் ஊசி குத்தித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

புதிதாகச் செய்யும்போது இந்தத் தொல்லையை வெட்டும் மேசையிலேயே தீர்த்துவிடலாம். கதாநாயகியின் கவுனுக்குப் பக்கத் தையலில் இரண்டு அங்குலம் கூடுதல் துணி விட்டோம். முதுகில் கொக்கிக்கு இரண்டு வரிசை வைத்தோம். வியர்வை படும் உள் மேலாடையைக் கழற்றித் தனியாகத் துவைக்கும்படி பருத்தியில் தைத்தோம். மாற்று நடிகை வந்தபோது அந்த உடை மறுநாள் காட்சிக்கே தயார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஏனென்றால் வெட்டு வரைபடம் எங்கள் அலமாரியில் இருந்தது.

செட்டுக்கும் இதே கதைதான். சுற்றுவதும் தூக்குவதும் எதுவானாலும் ஒருநாள் நிற்கும். ‘லே மிசராப்’ 1985-இல் லண்டனில் தொடங்கியபோது ஜான் நேப்பியரின் சுழல்மேடைதான் அதன் அடையாளம். 25-ஆம் ஆண்டுக்கென 2009-இல் தொடங்கிய சுற்றுப்பயண வடிவத்தில் அந்தச் சுழல்மேடை இல்லை; மூல நாவலை எழுதிய விக்டர் ஹியூகோவே வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள் பின்திரையில் ஓடின. உரிமையாளர்களே சுழல்மேடையை விட்டுவிட்டார்கள் என்றால், அது இல்லாமல் நிகழ்ச்சி செத்துவிடும் என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்?

புது வழியில் இழப்பும் இருக்கிறது. வடிவமைப்பாளர் கூலி தனி. ஒத்திகையின் கடைசி வாரம் கண்டிப்பாக நீளும். படத்தில் பார்த்த காட்சியைத் தேடி வந்தவர்கள் இடைவேளையில் முணுமுணுப்பார்கள்; அதற்கு மருந்து இல்லை. ஓட்டம் முடிந்தபின் கோட்டுகளையும் நாற்காலிகளையும் அடுத்த நாடகத்துக்கு எடுத்துக்கொண்டோம், சிலவற்றை வாடகைக்கும் விட்டோம். அச்சு அசலில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை, ஆனாலும் இது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

இன்னொன்று. எங்கள் ஓட்டம் ஒரே பருவத்தோடு முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடும் பெரிய நிகழ்ச்சியில் நான் வேலை செய்ததில்லை. அங்கே உதிரிபாகம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் அச்சு அசல்காரர்களிடம் தயாராக இருக்கும், கணக்கு அவர்கள் பக்கம் திரும்பினால் ஆச்சரியமில்லை. கொட்டகையில் முழுநேரத் தையல்காரர் இல்லாத குழுவுக்கும் புது ஜோடனையை நான் சொல்ல மாட்டேன். இருந்தால், உடை பட்ஜெட்டில் ஒரு பங்கைத் திரை உயர்ந்த பிறகு தொடுவதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அதில் பெரிய பங்கு காலணிக்குத்தான் போகும்.