வெங்காயம் உலர்த்த வீட்டு டிஹைட்ரேட்டர்: ஒரு மதிப்பீடு

2019ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றதை மறக்காத வீடுகளில், விலை இறங்கும்போது மூட்டையாக வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ஆனால் பல்லாரி வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர்தான். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக் காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், அது விரைவிலேயே முளைவிடும் அல்லது அழுகும். அந்த நீரை வீட்டிலேயே வெளியேற்றித் தரும் டிஹைட்ரேட்டர் என்னும் மின்சார உலர்த்தியை, வெங்காயத்தை மட்டும் மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. அடியில் விசிறி வைத்து, வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வகை விலை குறைவு; ஆனால் கீழ்த்தட்டு காய்ந்த பிறகும் மேல்தட்டு ஈரமாகவே இருப்பதால், தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது பின்புறம் விசிறி உள்ள, ஆறு தட்டுகள் கொண்ட, 400 வாட் பெட்டி வகை. சூடான காற்று எல்லாத் தட்டுகளின் மீதும் பக்கவாட்டில் பாய்வதால் உலர்வது ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது. வெங்காயத்துக்காகவே வாங்குபவர் சற்றுக் கூடுதலாகச் செலவழித்தாலும் இந்த வகையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனினும், எவ்வளவு நல்ல கருவியானாலும் நறுக்கும் விதம் சரியில்லை என்றால் பயனில்லை. தோலை உரிக்கும்போது உள்தாளில் கரும்பொடி போலப் பூஞ்சை தெரிந்தால், அந்த வெங்காயத்தை உலர்த்துவதற்கு எடுக்கக் கூடாது. வேர்ப்பகுதியையும் நுனியையும் நீக்கி, சீவும் பலகையில் வைத்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே சீராகச் சீவ வேண்டும். கத்தியால் நறுக்கினால் சில துண்டுகள் தடிமனாக நின்றுவிடும், அவற்றில் தங்கும் ஈரமே பின்னர் முழு பாட்டிலையும் கெடுக்கும். வெங்காயத்தை வெந்நீரில் போட்டெடுக்கத் தேவையில்லை. எண்ணெய் தடவவும் கூடாது, நாள்பட்டால் எண்ணெய் சிக்கடித்துவிடும். வளையங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பினால் ஆறு தட்டுகளில் ஏறத்தாழ 2 கிலோ கொள்ளும்.

வெப்பநிலையை 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால், கோடையில் எட்டு மணி நேரத்தை ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இன்னும் நீள்கிறது. சீக்கிரம் முடியட்டும் என்று 70 டிகிரிக்கு ஏற்றினால், மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படுவதோடு, நிறம் பழுப்பேறிக் கசப்பும் தட்டுகிறது. இந்தக் கருவியில் ஒரு குறையும் உண்டு. தட்டின் நடுவில் தனி வெப்பமானியை வைத்துப் பார்த்தால், திரை காட்டும் அளவைவிட வெப்பம் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. மேலும், காயக் காயச் சுருங்கும் துண்டுகள் தட்டின் துளைகள் வழியே உதிர்கின்றன. அதைத் தடுக்கும் வலைவிரிப்பு பெட்டியோடு வராததால் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. நெடியோ வீடு முழுவதும் பரவிக் கண்ணை எரிக்கும். பால்கனியோ காற்றோட்டமான பின்கட்டோ இல்லாத வீட்டுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. ஆறிய உடனே கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு வரை நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்ப்பது அவசியம். உட்புறத்தில் ஈரம் பூத்தாலோ துண்டுகள் நமுத்தாலோ மறுபடியும் தட்டுக்கு அனுப்ப வேண்டும். காற்றுப் புகாமல் மூடி, இருட்டான, சூடில்லாத இடத்தில் வைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் தரம் குறையாமல் இருக்கும். பொடியாக்கினால் ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும் என்பதால், தேவைக்கேற்பக் கொஞ்சமாகத் திரிப்பதே நல்லது.

2 கிலோ வெங்காயத்திலிருந்து 250 கிராம் அளவுக்கே மிஞ்சும். அதற்கு அதிகபட்சம் 4 யூனிட் வரை மின்சாரம் ஆகலாம். ஆகவே விலை மலிந்திருக்கும் காலத்தில்தான் இது கட்டுப்படியாகும். குஜராத்தின் மஹுவாவில் தொழிற்சாலைகள் உலர்த்துவதற்குத் திடப்பொருள் மிகுந்த வெள்ளை வெங்காயத்தை நாடுவதற்கும் இப்படி எடை குறைவதே காரணம். சின்ன வெங்காயத்தை இதில் இடுவது உரிக்கும் உழைப்புக்கு ஈடாகாது; உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, சித்திரை வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகமே அதற்கு ஏற்ற வழி. அந்த வடகத்தின் மணத்தை இந்தக் கருவியால் தர முடியாது.

சமையலில், வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்த பல்லாரி, குருமாவிலும் சாம்பாரிலும் குறை தெரியாமல் கலந்துவிடுகிறது. ஊறிய நீரையும் குழம்பிலேயே ஊற்றிவிடலாம். தயிர்ப் பச்சடிக்கும் ஊத்தப்பத்துக்கும் மட்டும் புதிய வெங்காயத்தையே நறுக்க வேண்டும்.