ஃபோல்ட்ஸ்கோப்: காகித மைக்ராஸ்கோப் வீட்டுக்கு வாங்கலாமா?

பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது, "1200 மடங்கு" என்று அட்டையில் அச்சடித்த பிளாஸ்டிக் பொம்மையின் முன்னால்தான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். மங்கலான படம் இன்னும் பெரிதாகத் தெரியுமே தவிர, புதிதாக ஒரு நுணுக்கமும் தெரியாது. 140 மடங்கு மட்டுமே காட்டும் ஃபோல்ட்ஸ்கோப் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் முதல் நாள் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். பெட்டியைப் பிரித்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றால் இது உங்களுக்கான பொருள் இல்லை.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுக் குழுவோடு உருவாக்கிய கருவி இது. 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு டாலருக்கும் குறைவான செலவில் பாகங்களைக் கொண்டு மைக்ராஸ்கோப் செய்யலாம் என்று காட்டியது. கடை விலை அதைவிடப் பல மடங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் என்பது சுமார் 2.4 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு கண்ணாடி உருண்டை, அவ்வளவுதான். ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும்.

அந்த உருண்டையைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பார்க்கும் பொருள் லென்ஸிலிருந்து அரை மி.மீ.க்குச் சற்று மேலான தூரத்தில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். பொருளை வைக்கும் தகடான சாதாரணக் கண்ணாடி ஸ்லைடின் கனமே 1 மி.மீ. அதைத் தலைகீழாகச் செருகிவிட்டால் என்ன செய்தாலும் ஃபோகஸ் கிடைக்காது. "ஒண்ணுமே தெரியல" என்று பிள்ளை சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பொருள் இருக்கும் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கிறதா? முழு எறும்பையோ தடித்த இலைத்துண்டையோ வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும், லென்ஸும் அழுக்காகும். வட்டத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் மங்கலாகவும் தெரிவது உருண்டை லென்ஸின் இயல்பு. பழுது என்று நினைக்க வேண்டாம்.

பாகங்கள் தாளில் புள்ளிக்கோடு வெட்டோடு வரும். இது எளிதில் கிழியாத, தண்ணீர் பட்டாலும் ஊறாத தாள். ஆனாலும் அவசரமாகப் பிய்த்தால் மடிப்புக்குப் பக்கத்தில் கீறல் விழும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மடிப்பு தளர்வாக இருந்தால் லென்ஸும் வெளிச்சம் வரும் துளையும் நேர்க்கோட்டில் நிற்காது. தெரிகிற வட்டத்தில் ஒரு ஓரம் மட்டும் கறுத்திருந்தால் காரணம் அதுதான். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர் துணையோடு முக்கால் மணி நேரத்தில் கோத்துவிடும்.

பார்க்கும்போது லென்ஸ் கண்ணை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இமை கிட்டத்தட்ட தொடும் அளவு நெருக்கம். பிள்ளைகள் பூதக்கண்ணாடி மாதிரி தள்ளிப் பிடிப்பார்கள்; அப்படிப் பிடித்தால் சின்ன ஒளிப்புள்ளிதான் தெரியும். ஜன்னல் வழியே தெரியும் வானம், வெள்ளைச் சுவர், டியூப்லைட் இவற்றை நோக்கிப் பிடிக்கலாம். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, ஒரு நொடிகூட. ஸ்லைடு இருக்கும் தாளை மெல்ல நகர்த்தி, நிழல் ஒன்று உள்ளே வந்ததும் நிறுத்தி, பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் ஓடும். இதில் ஒரே லென்ஸ் என்பதால் தள்ளும் பக்கமே போகும். சின்னக் கைகளுக்கு இது பெரிய வசதி.

முதல் நாளே வெங்காயத் தோலில் இறங்க வேண்டாம். செம்பருத்தியில் தொடங்குங்கள். பூவின் நடுத்தண்டில் மஞ்சள் மொட்டுகளாக நிற்கும் மகரந்தப் பைகளின் மேல், கண்ணாடி போன்ற தெளிவான செலோடேப்பை லேசாகத் தொட்டு எடுத்து, அதைக் காகித ஸ்லைடின் துளைமேல் ஒட்டினால் போதும். பால்நிற டேப் வேண்டாம், அதன் சொரசொரப்பே படமாகத் தெரியும். மகரந்தத் தூள் ஒவ்வொன்றும் முள் முளைத்த உருண்டையாக நிற்கும். ஃபோகஸைக் கொஞ்சம் மாற்றினால் மேல்பக்க முட்கள் தெளியும், இன்னும் கொஞ்சம் மாற்றினால் ஓரத்து முட்கள் தெளியும். அதே டேப்பில் பாட்டியின் நரைமுடி ஒன்றையும் சேர்த்து ஒட்டுங்கள். மகரந்தம் முடியைவிட அகலமாக இருப்பதைப் பார்க்கும்போது பிள்ளை வாயைப் பிளக்கும். அளவு என்பது அங்கேயே புரிந்துவிடும், ஸ்கேல் தேவையில்லை.

அடுத்து சமையலறை மாவுகள். வீட்டில் இதற்கு இணையான விளையாட்டு இல்லை என்பது என் கருத்து. உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய முகத்தைக் கத்தியால் சுரண்டினால் வரும் பால் ஒரு துளி போதும். சிப்பி வடிவத்தில் பெரிய பெரிய மாவு மணிகள் தெரியும். சில 0.1 மி.மீ. வரைகூட இருக்கும். மைதாவில் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். சோள மாவில் மணிகள் அதைவிடச் சிறியவை, முனை முனையாக இருக்கும். அரிசி மாவின் மணிகளோ சில மைக்ரான்தான், தூசிப் புள்ளிகளாகத் தெரியும். பெயர் எழுதாமல் நான்கு ஸ்லைடு செய்து, எது எந்த மாவு என்று வீட்டில் எல்லாரையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியளவு மாவு, ஒரு துளித் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் எல்லாம் ஒரே கறுப்பு. மருந்துக்கடை பொவிடோன் அயோடினில் ஒரு துளியைப் பத்துத் துளித் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு துளி விட்டால் மணிகள் நீலமாகும். அயோடின் அதிகமானால் மணியின் உள்கோடுகள் மறைந்துவிடும். துணியில் பட்ட கறை லேசில் போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

வெங்காயத்தில் ஊதா நிறத் தோலுக்குக் கீழே உரியும் மெல்லிய சவ்வை எடுத்தால் சாயமே இல்லாமல் செல்கள் தெரியும். முதலில் தண்ணீர்த் துளி, அதன்மேல் சவ்வு, பிறகு அதை மூடும் மெல்லிய தகட்டை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். தடித்த கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழ். அதையே செல் என்று படம் வரைந்துவிடும் பிள்ளைகள் நிறைய. நூல்களையும் விடாதீர்கள். விளக்குத் திரியின் பஞ்சிழை முறுக்கிய நாடாவாகவும், பாலியஸ்டர் இழை வழவழப்பான கம்பியாகவும் தெரியும். டியூப்லைட்டுக்குக் கீழே செத்துக் கிடக்கும் விட்டில்பூச்சியின் இறக்கையை டேப்பால் தொட்டெடுத்தால் செதில்கள் ஓடு வேய்ந்த கூரை போல இருக்கும்.

தயிரில் பாக்டீரியா காட்டுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவற்றின் பருமன் ஒரு மைக்ரானைச் சுற்றித்தான், இந்த லென்ஸுக்கு எட்டாது. உயிருள்ளது ஏதாவது வேண்டுமென்றால் வைக்கோலைத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். மேற்பரப்பிலிருந்து எடுத்த துளியில் ஓடித்திரியும் நுண்ணுயிர்கள் கிடைக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் பஞ்சிழை இரண்டு மூன்றைத் துளிக்குள் போட்டால் அதில் சிக்கி மெதுவாகும். பாத்திரத்தைத் துணியால் கட்டி மூடுங்கள், கொசு முட்டையிடும். வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தெரியாத ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கைபேசி வழிதான் சரி. கூடவே வரும் காந்த வளையத்தைப் பின்கேமராவைச் சுற்றி ஒட்டினால் ஃபோல்ட்ஸ்கோப் அதில் பற்றிக்கொள்ளும். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் இரண்டு மூன்று கேமரா இருப்பதால், விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, திரையை எது இருட்டாக்குகிறதோ அதில் ஒட்டுங்கள். பின்உறையைக் கழற்றிவிட வேண்டும். காந்தம் பக்கத்தில் இருந்தால் சில கேமராக்களின் நடுக்கம் தடுக்கும் பொறி தடுமாறும் என்பதால், பார்த்து முடித்ததும் வளையத்தை எடுத்துவிடுங்கள். இன்னொரு கைபேசியின் டார்ச்சை டிஷ்யூ தாளால் மூடிப் பின்னாலிருந்து காட்டினால் இரவிலும் வேலை நடக்கும்.

பார்த்ததை வரைய வைப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வளையலை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் தெரிந்ததை மட்டும் வரையட்டும். கீழே பொருளின் பெயர், எங்கே கிடைத்தது, தேதி. புகைப்படம் எடுத்தவுடன் பிள்ளை அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும். வரையும்போதுதான் "முள் எத்தனை? எல்லாம் ஒரே நீளமா?" என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும்.

தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் மிக முக்கியமான எச்சரிக்கை: காந்தங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். எண்ணி வெளியே எடுங்கள், எண்ணி உள்ளே வையுங்கள். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் எதற்கும் அடிப்படைப் பெட்டியே போதும். தகரப் பெட்டியில் வரும் விலை கூடியதில் உள்ள இடுக்கி, சொட்டுக்குழாய் போன்றவற்றைத் தனியாக மலிவாக வாங்கலாம். மிச்சமாகும் காசில் காகித ஸ்லைடுகளும் தெளிவான டேப்பும் கூடுதலாக வாங்குங்கள், தீர்ந்துபோவது அவைதான். எண்ணெய்க் கை பட்டு லென்ஸ் மங்கினால் காது குடையும் பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்தால் போதும்.